விழி பிசகினால் மூளை என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தடுமாறுகிறவர்கள், தலைசுற்றல் வந்து தேறியவர்கள், சும்மா ஆர்வத்தில் விசாரிப்பவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. கேள்விகள் பலவானாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான். கண்ணை அசைக்கும் கணக்கு பிறக்கும்போதே எழுதி முடிக்கப்பட்டதல்ல. மூளை அதை நாள்தோறும் அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறது. அப்படித் திருத்த அதற்கு முதலில் ஒரு பிழை வேண்டும். பிழை கண்ணில் படாவிட்டால் திருத்தமும் நடக்காது.

கண்ணை அசைப்பதில் அப்படி என்ன சிரமம்? பார்க்க வேண்டியதைப் பார்க்கிறோம், அவ்வளவுதானே?

கையை நேரே நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் பார்வைக் கோணத்தில் சுமார் 2 டிகிரி. விழித்திரையின் நடுவில் இருக்கும் மையக்குழி கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அவ்வளவு இடத்தைத்தான். சுற்றியுள்ளதெல்லாம் மங்கல். அப்படியும் முழுக் காட்சியும் பளிச்சென்று இருப்பதாகத் தோன்றுகிறதே, அதற்குக் காரணம் கண் வினாடிக்கு மூன்று முறை போல இடம் மாறித் தாவிக்கொண்டே இருப்பதுதான்.

இந்தத் தாவலுக்கு சக்கேட் என்று பெயர். குதிரையின் கடிவாளத்தை வெடுக்கென்று இழுப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. 1870-களில் வாசிப்பை ஆராய்ந்த பாரிஸ் கண் மருத்துவர் எமீல் ஜாவால் வழியாக இந்தத் துறைக்குள் வந்தது. நான் இங்கே தாவல் என்றே எழுதுகிறேன்.

பெரிய தாவலில் விழி வினாடிக்கு 500 டிகிரியையும் தாண்டிய வேகத்தைத் தொடும். 10 டிகிரித் தாவல் ஒன்று சுமார் 50 மில்லிவினாடியில் முடிந்துவிடும். கண்ணில் பட்டது மூளைக்குப் போய், அங்கிருந்து திருத்தம் தசைக்கு வந்து சேர்வதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆக, தாவல் என்பது கையை விட்ட கல். போகிற வழியில் பார்த்துத் திருப்ப முடியாது. எறியும் முன்பே கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

கணக்கு ஒருமுறை சரியாகிவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. குழந்தை வளர வளரக் கண்ணும் மண்டையோடும் பெரிதாகின்றன. முதுமையில் தசை தளர்கிறது. நடுவில் கண்ணாடி வருகிறது, பவர் மாறுகிறது. நேற்றைய கணக்கு இன்றைய கண்ணுக்குப் பொருந்தாமல் போக எத்தனையோ வழி உண்டு.

ஒரு கண்ணுக்கு எத்தனை தசைகள்?

ஆறு. நேர்த்தசை நான்கு, சாய்தசை இரண்டு. இவற்றுக்கு ஆணை கொண்டுவருவது மூன்று மண்டை நரம்புகள்.

அந்த ஆணையின் வடிவம் முக்கியம், ஏனென்றால் கீழே அது திரும்ப வரும். கண்குழிக்குள் விழி காற்றில் சுழல்வதில்லை. சுற்றியுள்ள திசுக்கள் பாகுபோல எதிர்க்கின்றன. அதனால் மூளை முதலில் பலமாக ஒரு உந்து கொடுக்கிறது. விழி போய்ச் சேர்ந்ததும் அங்கேயே நிறுத்தி வைக்க, சற்றுக் குறைந்த ஒரு பிடி கொடுக்கிறது. உந்து தவறினால் விழி இலக்குக்கு முன்பே நின்றுவிடும், இல்லாவிட்டால் தாண்டிப் போகும். பிடி தவறினால் போன இடத்திலிருந்து மெல்ல வழுக்கும். இரண்டையும் தனித்தனியாகச் சீர்செய்ய வேண்டியிருக்கிறது.

மூளை இதைத் திருத்துகிறது என்று எப்படித் தெரியும்?

1967-ல் மெக்லாக்ளின் என்ற ஆய்வாளர் ஒரு சின்ன ஏமாற்று வேலை செய்தார். இலக்குப் புள்ளி 10 டிகிரி தள்ளிக் குதிக்கும். கண் அதை நோக்கிக் கிளம்பிய அதே கணத்தில், இன்னும் அது போய்ச் சேருவதற்குள், புள்ளியை 9 டிகிரிக்கு இழுத்துவிடுவார். பாவம், கண் சரியாகத்தான் 10-க்குப் போகிறது. ஆனால் போய்ப் பார்த்தால் புள்ளி அங்கே இல்லை. தான் 1 டிகிரி தாண்டி வந்துவிட்டதாக மூளை எடுத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தால், கண் தானாகவே 10-க்குக் கிளம்புவதை விட்டுக் குறைவாகத் தாவத் தொடங்குகிறது.

இப்படி ஒரு சோதனையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இருட்டறை. முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொள்ள வேண்டும். எதிரே ஒரு புள்ளி. அது குதிக்கும், நீங்கள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சலிப்பில் தூக்கம் வந்தது என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. முடிந்த பிறகு திரையில் கோடுகளைக் காட்டினார்கள். ஆரம்பத்தில் இலக்கை ஒட்டி இருந்த தாவல்கள், நூறு முறை போனதற்குள் படிப்படியாகச் சுருங்கியிருந்தன. கடைசியில் ஏமாற்றை நிறுத்திப் புள்ளியை ஒரே இடத்தில் விட்டுவைத்தபோதும் என் கண் தொடர்ந்து குறைவாகவே தாவிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாமலே என் கண் ஒரு பாடத்தைப் படித்து முடித்திருந்தது.

சோதனைக்கூடத்துக்கு வெளியேயும் சான்று உண்டு. ஒரு கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும் நரம்பு செயலிழந்தவரின் நல்ல கண்ணை மூடி, பலவீனமான கண்ணாலேயே சில நாள் பார்க்க வைத்தால், அந்தக் கண்ணின் தாவல் நீளும். நல்ல கண்ணைத் திறந்து பார்த்தால் அது இலக்கைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு கண்ணுக்கும் ஒரே ஆணைதான் போகிறது. பலவீனமான கண்ணுக்காக ஆணையைக் கூட்டியபோது நல்ல கண்ணுக்கும் சேர்த்துக் கூடிவிட்டது.

புள்ளி நகர்ந்தது எப்படிக் கண்ணில் படாமல் போகும்?

தாவும் நேரத்தில் பார்வை வெகுவாக மழுங்கிவிடுகிறது. காட்சி முழுதும் விழித்திரையின் மேல் கோடாக இழுபடுகிறது, மூளையும் அந்தக் கணத்தின் செய்தியைப் பொருட்படுத்துவதில்லை. அந்த இடைவெளியில் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தினால் யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டாலும் கற்றல் நடக்கிறது. என்னைக் கேட்டால், இந்தத் துறையிலேயே வியப்பானது இதுதான். நாம் உணர்வது ஒரு கணக்கு, கண்ணை ஓட்டுவது இன்னொரு கணக்கு.

மூளை எதைப் பிழை என்று எடுத்துக்கொள்கிறது? இலக்கைத் தவறவிட்டதையா?

அப்படித்தான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. எந்தக் குறையும் இல்லாத கண்கூட இலக்கை அச்சாகப் பிடிப்பதில்லை. சற்றுத் தூரத் தாவல்கள் வழக்கமாகவே பத்தில் ஒரு பங்கு போலக் குறைவாக விழுகின்றன. அப்புறம் ஒரு குட்டித் தாவல் மிச்சத்தை எட்டிப் பிடிக்கிறது. தவறவிடுவதுதான் பிழை என்றால், மூளை இதை எப்போதோ திருத்தியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கத் திருத்தாமல் விட்டு வைத்திருக்கிறதே!

இதற்குப் பதில் எதிர்பார்ப்பில் இருக்கிறது. தாவலுக்கான ஆணையைத் தசைக்கு அனுப்பும்போது மூளை அதன் நகல் ஒன்றைத் தனக்கும் வைத்துக்கொள்கிறது. அந்த நகலை வைத்து, போய்ச் சேர்ந்ததும் இலக்கு எங்கே தெரியும் என்று முன்கூட்டியே கணிக்கிறது. வழக்கமான குறை அந்தக் கணிப்பில் ஏற்கெனவே அடக்கம். அது பிழையாகக் கணக்கில் வராது. கணித்ததற்கும் கண்டதற்கும் இடையே வரும் வித்தியாசம்தான் பிழை.

அந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டால் போதும், குட்டித் தாவல் போட்டுத் திருத்தியாக வேண்டும் என்பதுகூட இல்லை. அந்தத் திருத்தத் தாவல் நடக்க விடாமல் சோதனை அமைத்த போதும் கற்றல் நடந்திருக்கிறது.

கொஞ்சம் குறைவாகவே தாவுவது ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. தாண்டிப் போய்த் திரும்பி வருவதைவிட, முன்னால் நின்று மேலும் ஒரு அடி வைப்பது சிக்கனம் என்பது அவற்றில் ஒன்று. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இந்த வேலையைச் செய்வது மூளையின் எந்தப் பகுதி?

பின்மண்டையில், கழுத்துக்கு மேலே ஒளிந்திருக்கும் சிறுமூளை. பெயரில்தான் சிறுமை. மனித மூளையின் நரம்பணுக்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அதற்குள் இருக்கின்றன. தாவலை எழுப்புவது மூளைத்தண்டு. எங்கே பார்ப்பது என்று முடிவெடுப்பது பெருமூளையும் நடுமூளையும். சிறுமூளை அந்த ஆணையின் அளவை உரசிப் பார்த்துத் திருத்துகிறது. இத்துறையில் அதைப் பழுதுபார்க்கும் பட்டறை என்று சொல்வதுண்டு.

1980-ல் ஆப்டிகன், ராபின்சன் இருவரும் குரங்குகளில் இதைக் காட்டினார்கள். ஒரு கண்ணின் தசையைப் பலவீனமாக்கி, அந்தக் கண்ணாலேயே பார்க்க வைத்தால் சில நாட்களில் தாவல் மீண்டும் சரியாகிவிடும். சிறுமூளையின் நடுப்பகுதியை அகற்றிய குரங்குகளுக்கு உந்தைத் திருத்த முடியவில்லை. பிறகு நடந்த சோதனைகளில், ஃபிளாகுலஸ் என்ற ஓரத்து மடலை இழந்தவற்றுக்கு பிடியைத் திருத்த முடியாமல் விழி வழுக்கியது. உந்தும் பிடியும் தனித்தனி என்று மேலே சொன்னேனே, அவற்றுக்குப் பட்டறையிலும் தனித்தனி மேசை.

உள்ளே என்ன நடக்கிறது? சிறுமூளையில் புர்கின்யே எனப்படும் நரம்பணு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வகைச் செய்தி வருகிறது. ஒன்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் வழியாக வரும் நிலவரம்: கண் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்பதெல்லாம். மற்றது, ஒரே ஒரு தடித்த கொடியிழை. அது வினாடிக்கு ஒருமுறை போலத்தான் துடிக்கும். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்ற சேதி அதன் வழியாக வருவதாகக் கருதப்படுகிறது. அந்தத் துடிப்பு வரும்போது வேலையில் இருந்த மெல்லிய இழைகளின் இணைப்பு சற்றுத் தளர்கிறது, அடுத்த ஆணை கொஞ்சம் மாறுகிறது. 1969-ல் டேவிட் மார், 1971-ல் ஜேம்ஸ் ஆல்பஸ் ஆகியோர் இப்படி ஒரு கற்றல் இருக்கலாம் என்று கோட்பாடாகச் சொன்னார்கள். இணைப்பு உண்மையில் தளர்வதை 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் மசாவோ இட்டோ என்பவரின் குழு சோதனையில் காட்டியது. முழுக் கதையும் இதுவே என்று யாரும் சொல்வதில்லை. இணைப்பு வலுப்படுவதற்கும் இதில் பங்கு உண்டு.

ஒரு பக்கம் பழகினால் எல்லாப் பக்கமும் மாறுமா?

மாறாது. வலப்பக்கத் தாவலைச் சுருக்கினால் இடப்பக்கத் தாவல் பழையபடியே இருக்கும். 10 டிகிரிக்குப் பழக்கினால் அதை ஒட்டிய அளவுகளுக்கும் திசைகளுக்கும் கொஞ்சம் பரவும், தள்ளிப் போகப் போகத் தேய்ந்துவிடும். திடீரென்று தோன்றும் பொருளை நோக்கித் தாவுவதற்கும், நாமாக விரும்பி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவதற்கும் கூட ஓரளவு தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது மூளை. ஒரு தசைநார் மட்டும் தளர்ந்தால் அந்தத் திசையை மட்டும் திருத்தினால் போதும், நன்றாக இருப்பதை ஏன் கெடுக்க வேண்டும் என்ற வகையில் பார்த்தால் இது நல்ல ஏற்பாடு.

தாவலைச் சுருக்குவதும் நீட்டுவதும் ஒன்றுபோல நடக்குமா?

சுருக்குவது சீக்கிரம் வரும். நீட்டுவது மெதுவாக வரும், முழுதாகவும் வராது. குரங்குகளுக்கு இரண்டுமே மனிதர்களைவிட அதிக நேரம் எடுக்கின்றன. நமக்கு நூறு முறையில் வருவது அவற்றுக்கு ஆயிரம் முறை ஆகிவிடும்.

தலையை ஆட்டினாலும் எழுத்து ஆடுவதில்லையே, அது எப்படி?

இதை உடனே செய்து பாருங்கள். ஒரு புத்தகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, 'இல்லை இல்லை' என்பதுபோலத் தலையை வேகமாக ஆட்டியபடி வாசியுங்கள். வாசிக்க முடியும். இப்போது தலையை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்தெல்லாம் கலங்கிவிடும். இரண்டிலும் அசைவு ஒன்றுதான். ஆனால் தலை திரும்பும்போது உட்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்கள் அதை அறிந்து, விழியை நேர் எதிராகத் திருப்பச் சொல்கின்றன. நடுவில் வெறும் மூன்று நரம்பணுக்கள்தான். சுமார் 10 மில்லிவினாடியில் விழி திரும்பத் தொடங்கிவிடும். புத்தகம் ஆடும்போது கண் பார்த்துப் பார்த்துத்தான் துரத்த வேண்டும். அந்தப் பாதை அதைப்போல் பத்து மடங்கு மெதுவானது.

இந்த அனிச்சைச் செயலிலும் அதே பிரச்சினைதான். தலை 10 டிகிரி திரும்பினால் விழி எதிர்ப்பக்கம் 10 டிகிரி திரும்ப வேண்டும். ஒன்பதோ பதினொன்றோ ஆனால் உலகம் வழுக்கும். அந்த வழுக்கல்தான் இங்கே பிழை. திருத்துவதும் அதே சிறுமூளைதான், குறிப்பாக அதே ஃபிளாகுலஸ்.

புதுக் கண்ணாடி போட்டதும் தலை சுற்றுவது ஏன்?

கடையில் மாட்டிப் பார்த்தபோது எழுத்தெல்லாம் ஊசிபோலத் தெரியும். வெளியே வந்து நடந்தால் தரை மிதக்கும். 'பவர் தப்பாகப் போட்டுவிட்டார்களோ' என்ற சந்தேகம் வந்துவிடும். பெரும்பாலும் பவர் சரியாகத்தான் இருக்கும். சரியில்லாதது பழைய கணக்கு.

கிட்டப்பார்வைக்கான குழிலென்ஸ் உலகத்தைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. மைனஸ் 5 கண்ணாடி வழியே பார்க்கும்போது, ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குத் தாவ விழி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவாகத் திரும்பினால் போதும். தலை திரும்பும்போது எதிராகத் திரும்ப வேண்டிய அளவும் அதே போலக் குறைகிறது. தூரப்பார்வைக்கான குவிலென்ஸில் எல்லாம் தலைகீழ், அதிகமாகத் திரும்ப வேண்டும். நேற்றுவரை சரியாக இருந்த அளவில் விழி இன்றும் திரும்புகிறது, காட்சி வழுக்குகிறது. உட்காது ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. அதுதான் அந்தத் தலைசுற்றல்.

மேல்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டத்துக்குமாக இழைந்து போகும் புராக்ரெசிவ் லென்ஸில் இது இன்னும் கூடுதல், ஏனென்றால் ஒரே கண்ணாடிக்குள் இடத்துக்கு இடம் அளவு வேறு. அப்படி ஒன்றை முதன்முதலில் மாட்டிக்கொண்டு படி இறங்கியபோது, கடைசிப் படி முடிந்துவிட்டது தெரியாமல் இன்னொரு படிக்குக் காலை வைத்துத் தடுக்கினேன். பத்து நாளில் எல்லாம் சரியாகிவிட்டது. எந்த நாளில் சரியானது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

செய்யக்கூடியது ஒன்றுதான்: கழற்றாமல் போட்டிருப்பது. தலை சுற்றுகிறதே என்று அரை மணிக்கொருமுறை பழைய கண்ணாடிக்குப் போனால், மூளைக்குப் பாதி நேரம் ஒரு பாடம், பாதி நேரம் நேர் எதிரான பாடம். இரண்டு மூன்று வாரம் விடாமல் போட்டும் சரியாகவில்லை என்றால் அப்போது பவரையும் சட்டம் உட்கார்ந்திருக்கும் விதத்தையும் மறுபடி சோதிக்கச் சொல்லலாம்.

வீட்டில் கண்ணாடி, வெளியே கான்டாக்ட் லென்ஸ். எனக்கு மட்டும் ஏன் சுற்றுவதில்லை?

கான்டாக்ட் லென்ஸ் விழியோடு சேர்ந்து திரும்புவதால் அதில் அளவு வழக்கம்போலத்தான். கண்ணாடியில் வேறு. நீண்ட நாள் மாற்றி மாற்றிப் போட்டுப் பழகியவரின் மூளை இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு, மூக்கில் சட்டம் ஏறியதும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிவிடும். அரை மணிக்கொருமுறை மாற்றக் கூடாது என்று மேலே சொன்னது புதிதாகப் பழகுகிறவருக்கு. முதல் கணக்கு ஊன்றிய பிறகு இரண்டாவதைக் கற்பது வேறு விஷயம்.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும்? உலகமே இடவலம் மாறினால்?

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1970-களில் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கான்ஷர், மெல்வில் ஜோன்ஸ் ஆகியோர் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் காட்டும் பட்டகக் கண்ணாடிகளைத் தன்னார்வலர்களுக்கு மாட்டிவிட்டார்கள். ஒரு நாள் அல்ல, வாரக்கணக்கில். அந்தக் கண்ணாடியில் தலையை வலப்பக்கம் திருப்பினால் விழியும் வலப்பக்கமே திரும்பினால்தான் காட்சி நிற்கும். அதாவது, அனிச்சைச் செயல் தன் இயல்புக்கு நேர் எதிராக நடக்க வேண்டும்.

முதலில் குமட்டலும் தடுமாற்றமும். சோதனையை முழு இருட்டில் செய்தார்கள், பார்வையின் உதவி இல்லாமல் அனிச்சை மட்டும் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக. முதல் சில நாட்களில் அந்த எதிர்த்திசைத் திரும்பல் சுருங்கிச் சுருங்கி வந்தது. இரண்டு வாரம் போனதும் இருட்டிலேகூட விழி ஏறக்குறைய மாறிய திசையில் போக ஆரம்பித்தது. மூன்றே நரம்பணுக்கள் கொண்ட அனிச்சை, முதுகெலும்புள்ள உயிர்களில் மிகப் பழையது, அது இந்த அளவுக்கு வளைந்துகொடுத்தது. கண்ணாடியைக் கழற்றிய பிறகு பழைய நிலைக்கு வரவும் நாட்கள் பிடித்தன.

உட்காது கெட்டுப்போனால் என்ன ஆகும்?

1952-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு மருத்துவர், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு, தனக்கு நேர்ந்ததை எழுதினார். காசநோய்க்காக அவருக்குக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் இரண்டு உட்காதுகளின் சமநிலை உறுப்புகளையும் அழித்துவிட்டது. படுக்கையில் வாசிக்கக்கூட முடியவில்லை. நாடித் துடிப்பில் தலை அசையும் அந்த அற்ப அசைவுக்கே எழுத்துகள் குதித்தன. கட்டிலின் தலைமாட்டில் இருந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே தலையை இறுக்கி வைத்துக்கொண்டுதான் வாசித்தார். நாளடைவில் நடக்கவும் வாசிக்கவும் அவரால் முடிந்தது. உட்காது திரும்பி வரவில்லை. மற்ற புலன்கள் அந்த இடத்தை ஓரளவு நிரப்பின.

ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்படுவது இன்னும் பரவலானது. வைரஸ் தொற்றுக்குப் பிறகு உட்காது நரம்பு அழற்சி வந்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் உலகமே சுழலும், வாந்தி நிற்காது. பிறகு படிப்படியாகத் தேறும். பலருக்கும் அந்தக் காது முழுதாகக் குணமாகியிருக்காது. மூளை ஈடுகட்டியிருக்கும். அதில் ஒரு தந்திரம் அழகானது. தலை திரும்பும்போது விழியால் போதுமான அளவு எதிராகத் திரும்ப முடியாது என்று தெரிந்துகொண்ட மூளை, தலை திரும்பி முடிவதற்குள்ளேயே ஒரு குட்டித் தாவலைச் செருகிக் குறையை மறைத்துவிடும். பார்க்கிறவருக்குத் தெரியாது, அதிவேகக் காமிரா வைத்துப் பார்த்தால்தான் அகப்படும்.

இந்த இடத்தில்தான் பிழை வேண்டும் என்று முதலில் சொன்னது உயிர் பெறுகிறது. ஒரு பக்க உட்காதை இழந்த குரங்குகளை இருட்டிலேயே வைத்திருந்தபோது விழியின் எதிர்த்திரும்பல் தேறவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் தேற ஆரம்பித்தது. இருட்டில் வழுக்கல் தெரியாது, தெரியாததைத் திருத்த முடியாது. மனிதர்களுக்கும் அதே கதைதான். ஆரம்ப நாட்களின் கொடுமைக்குத் தலைசுற்றல் மாத்திரை உதவும். வாரக்கணக்கில் அதைத் தொடர்ந்தால் தேறுவது தாமதமாகும். அதனால்தான் மருத்துவர்கள் சீக்கிரமே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள், எதிரே ஓர் எழுத்தை ஒட்டி வைத்து அதைப் பார்த்தபடியே தலையை ஆட்டும் பயிற்சி கொடுக்கிறார்கள். செய்யும்போது சுற்றத்தான் செய்யும். லேசான சுற்றல் என்றால் பயிற்சி வேலை செய்கிறது என்றுதான் பொருள்.

ஒருமுறை கற்றது மறந்துவிடுமா?

கொஞ்சம் மறக்கும், முழுதாக மறக்காது. உள்ளே குறைந்தது இரண்டு வகைக் கற்றல் நடப்பதாகத் தெரிகிறது. ஒன்று சட்டென்று பற்றிக்கொள்ளும், சட்டென்று விட்டுவிடும். மற்றது ஆமைபோல ஏறும், ஏறியது இறங்காது. சோதனை முடிந்து தாவலைப் பழைய அளவுக்குத் திருப்பிய பிறகும், சற்று நேரம் சும்மா விட்டுப் பார்த்தால் மறந்ததாக நினைத்த பாடம் லேசாக எட்டிப் பார்க்கும். அதையே மறுபடி கற்பித்தால் முதல் முறையைவிட வேகமாக வரும். தாவல் சோதனையில் பழகியதன் தடயம் நாட்கள் கழித்தும் தென்படுகிறது.

இரண்டு கண்ணும் சேர்ந்து போவதும் இப்படிப் பழகியதுதானா?

அடித்தளம் பிறப்பிலேயே வருகிறது. நுணுக்கம் பழக்கத்தில் வருகிறது. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக உள்ள கண்ணாடி போட்டவருக்கு, ஒரே பொருளைப் பார்க்க ஒரு கண் கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் திரும்ப வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆணை என்று சொன்னேன். ஆனாலும் சில நாளில், ஏன் சில மணி நேரத்திலேகூட, மூளை இரண்டுக்கும் வெவ்வேறு அளவு கொடுக்கப் பழகிவிடுகிறது. வித்தியாசம் பெரிதானால் முடியாது, இரட்டைப் பார்வை வந்துவிடும்.

மாறுகண் விஷயத்தில் வயது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். சின்னக் குழந்தையின் மூளை இரண்டு பிம்பங்களில் ஒன்றை அப்படியே அடக்கிவிடும். குழந்தைக்கு இரட்டையாகத் தெரியாது, ஆனால் அடக்கப்பட்ட கண் சோம்பேறிக் கண்ணாகிவிடும். பெரியவர்களுக்கு அந்தத் தப்பித்தல் இல்லை, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். குழந்தைக்கு மாறுகண் தெரிந்தால் 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருக்க வேண்டாம்.

மையப் பார்வையே போய்விட்டவர்கள் எதைக் கொண்டு பார்க்கிறார்கள்?

விழித்திரையின் மையம் சிதைந்தவர்கள் பலர், காலப்போக்கில் அதன் ஓரத்தில் நன்றாக இருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்கிறார்கள். தேர்வு பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாமல் நடக்கும். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நெற்றிக்கு மேலே பார்ப்பதுபோல் இருக்கும். தாவலும் அந்தப் புது இடத்தில் போய் இறங்கும்படி மெல்ல மாறுகிறது. தாவலின் அளவைத் திருத்துவதைவிட இது பெரிய வேலை, ஏனென்றால் 'நேராகப் பார்ப்பது' என்பதன் பொருளையே மாற்றி எழுத வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், எல்லோருக்கும் ஒரே அளவில் கைகூடுவதும் இல்லை.

கண் களைத்துப் போனால் தாவல் குறையுமா?

வேகம் குறையும், தூரம் குறையாது. ஒரே தாவலை நூற்றுக்கணக்கில் திரும்பச் செய்தால் விழி மெதுவாகிறது. மூளையோ தாவலைச் சற்று அதிக நேரம் நீட்டித்து இலக்கில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களிடம் இந்த ஈடுகட்டல் இல்லை. அவர்களுக்குத் தாவல் குறுகிக்கொண்டே போகும்.

கண் பயிற்சி செய்தால் பவர் குறையுமா?

குறையாது. கிட்டப்பார்வை என்பது விழி நீண்டுபோனதால் வருவது, அசைவுக் கணக்கின் பிழை அல்ல. கண்களை உட்பக்கமாகக் குவிக்கும் திறன் குறைந்தவர்களுக்கு மட்டும் முறையான குவிப்புப் பயிற்சி நன்றாகவே பலன் தரும். இரண்டையும் குழப்பி விற்கிறவர்கள் நிறைய.

எதைக் கண்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்?

திடீரென்று இரட்டைப் பார்வை. தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், முகம் கோணுதல், கை கால் மரத்தல், கடுமையான தலைவலி, நிற்கவே முடியாமை. இமை சரிந்து ஒரு பக்கக் கண்மணி விரிதல். இவை மூளை பழகிக்கொள்ளட்டும் என்று விடும் விஷயங்கள் அல்ல, அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

என் கண் தாவுவதை நானே பார்க்க முடியுமா?

முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடக்கண்ணைப் பாருங்கள். பிறகு வலக்கண்ணை. மீண்டும் இடக்கண். எத்தனை முறை மாற்றினாலும் உங்கள் கண் நகர்வது தெரியாது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் 'நன்றாக நகர்கிறதே' என்பார்.

இப்போது செல்போனின் முன்பக்கக் காமிராவைத் திறந்து அதையே செய்யுங்கள். படம் திரைக்கு வரச் சிறிது தாமதமாகும். உங்கள் கண் தாவி முடிந்து பார்வை திரும்பிய பிறகுதான் அந்தத் தாவல் திரையில் ஓடும். வெடுக்கென்று ஒரு அசைவு தெரியும், சில சமயம் ஒரே வீச்சில் போகாமல் கடைசியில் இன்னொரு குட்டி அசைவும் சேர்ந்திருக்கும்.